அக்கியா, வேறு புண்ணா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதிலுமே, உடம்பில் எங்கேனும் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பி எரிச்சல் கண்டால், "அக்கி" என்று சொல்லிவிட்டுக் குயவர் வீட்டைத் தேடிப் போவது வெகுகாலத்து வழக்கம். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதுவார். சில வாரங்களில் கொப்புளம் வற்றிப் பொருக்கு உதிர்ந்துவிடும். எழுதியவருக்கும் திருப்தி; எழுதிக்கொண்டவருக்கும் திருப்தி.

அக்கி எழுதுகிறவர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமல்ல. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். எழுதாமல் விட்டாலும் அந்தக் கொப்புளம் பெரும்பாலும் அதே காலத்தில் ஆறிவிடும். தானே ஆறுகிற வியாதிக்கு எந்த வைத்தியமும் கைகண்ட வைத்தியந்தான்! (கண்ணருகே வரும் அக்கி அப்படிப்பட்டதல்ல, அதை அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும்.) மார்பிலும் இடுப்பிலும் பட்டையாக வரும் அக்கிக்குக் காரணமான கிருமி, சிறு வயதில் வந்து போன சின்னம்மையின் கிருமியே. அது நரம்பின் வேரில் பல வருஷம் உறங்கிக் கிடந்து பிறகு விழித்துக்கொள்கிறது.

இந்தக் கிருமிக்குப் பங்காளிகள் இருவர் உண்டு. டாக்டர்கள் அவர்களை "ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ்" முதல் வகை, இரண்டாம் வகை என்று அழைக்கிறார்கள். ஹெர்ப்பிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊர்ந்து செல்வது என்று பொருள். முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே முத்தத்தினாலும் எச்சிலினாலும் தொற்றி, உதட்டோரத்தில் கொப்புளமாக வரும். இரண்டாம் வகை ஸ்திரீ புருஷ சம்பந்தத்தினால் தொற்றி, ஜனனேந்திரியத்தில் புண்ணாக வரும். இந்தப் பாகுபாடு முன்போல இப்போது கண்டிப்பானதல்ல. முதல் வகையும் கீழே இறங்கி வந்து புண்ணை உண்டாக்குவதைப் பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள்.

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபிக்கலாமா என்று சில நேயர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். நாமும் யோசித்துத்தான் எழுத உட்கார்ந்தோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 84 கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்த மர்ம ஸ்தானத்து ஹெர்ப்பிஸைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் என்று கணக்கு. இவர்களில் மிகப் பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவர் என்றால், அதைக் கெட்டுப்போனவர்களுடைய வியாதி என்று ஒதுக்கி வைப்பதற்கில்லை. அது குடும்பஸ்தர்களுடைய விஷயம். ஆகவே குடும்பப் பத்திரிகையின் விஷயமுமாகும்.

வெட்கம் இந்த வியாதியில் செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. புண் கண்டவர் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். சீட்டு எழுதுகிறவர் மாமன் முறை. மருந்து கொடுக்கிற அம்மாள் பக்கத்துத் தெரு. யாருக்கும் தெரியாமல் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுவார். (பௌர்ணமியன்று மட்டும் ஏறாமலிருப்பது நலம், கிரிவலத்தில் ஊரே எதிரில் வரும்.) அங்கே பஸ் நிலையத்துச் சுவரில், மேக நோய்களை வேரோடு அறுப்பதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிப் போகிற வைத்தியர் அவர். பெரும் தொகை வாங்கிக்கொண்டு ஒரு லேகியம் கொடுப்பார். மூன்று வாரத்தில் புண் ஆறிவிடும். லேகியத்தினால் அல்ல, மேலே சொன்ன காரணத்தினால்தான். ஆறு மாதம் கழித்துப் புண் மறுபடி வரும். லேகியமும் மறுபடி வரும்.

இந்தச் சுழலிலிருந்து விடுபட ஒரே வழி, புண்ணுக்குச் சரியான பெயரைக் கண்டுபிடிப்பது. டாக்டர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

நல்ல டாக்டர் முதலில் கேட்பது கேள்விகள். என்றைக்கு ஆரம்பித்தது? வலி உண்டா? கொப்புளமாகக் கிளம்பி உடைந்ததா, அல்லது புண்ணாகவே தோன்றியதா? கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னால் அந்த இடத்தில் சுருசுருவென்று குத்தலோ அரிப்போ இருந்ததா? முன்பு இதே இடத்தில் வந்ததுண்டா? ஜுரம் இருக்கிறதா, நீர் போகும்போது எரிகிறதா? கடைசியாக, நோயாளிகள் எதிர்பாராத ஒரு கேள்வி: சமீபத்தில் வேறு எதற்காவது மாத்திரை சாப்பிட்டீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி வெகு முக்கியமானது. சில கிருமிநாசினி மாத்திரைகளும், வலி மாத்திரைகளும், ஒத்துக்கொள்ளாத உடம்பில் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், பெரும்பாலும் உதட்டிலோ ஆண்குறியிலோ, கருஞ்சிவப்பாகத் தடித்துப் புண்ணை உண்டாக்கும். காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரையால் வந்த புண்ணை மேகப் புண் என்று எண்ணி, வருஷக்கணக்கில் மனம் புழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லேகியம் அல்ல. அந்த மாத்திரையை நிறுத்துவதுதான்.

பிறகு பரீட்சை. நல்ல வெளிச்சம், மறைப்புத் திரை, ஸ்திரீயாயிருந்தால் துணைக்கு ஒரு நர்ஸ். இவை மூன்றும் நோயாளியின் உரிமை. ஹெர்ப்பிஸ் என்றால், சிவந்த தோலின்மேல் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக இருக்கும். உடைந்துவிட்டால் ஆழமில்லாத சிறு புண்கள் பல, தொட்டால் சுரீரென்று வலிக்கும். முதல் தடவையாயின் இரு பக்கத்துத் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கும். ஜுரமும் உடல்வலியும் உண்டு. தொற்றிய நாளிலிருந்து இரண்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் இது தோன்றுவது வழக்கம். இரண்டாவது மூன்றாவது தடவைகளில் எல்லாமே குறைவு. சில சமயம் ஒரு கீறல் போலத்தான் தெரியும்.

மற்றப் புண்களின் முகம் வேறு. கிரந்திப் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக வரும், வலிக்காது, கையுறை போட்ட விரலால் தொட்டால் அடியில் குருத்தெலும்பு போல் கெட்டியாயிருக்கும். இதைத்தான் நம் முன்னோர் பறங்கிப்புண் என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாவப்பிரகாசம் என்ற ஸம்ஸ்கிருத வைத்திய நூலும் இதைப் பிரங்க ரோகம் என்றே சொல்லுகிறது. பறங்கிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? பிரெஞ்சுக்காரர் இதை நேப்பிள்ஸ் வியாதி என்றார்கள். இத்தாலியர் பிரெஞ்சு வியாதி என்றார்கள். வியாதிக்கு அடுத்த வீட்டுக்காரன் பெயரை வைப்பதில் மனித ஜாதி முழுவதும் ஒற்றுமை! இன்னொரு புண் மெத்தென்று சீழ் வைத்து வலிக்கும். மற்றொன்று வலியில்லாமல் மாட்டிறைச்சி போல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும்.

இந்தக் கடைசிப் புண்ணின் சரித்திரத்தில் நமது சென்னைக்குப் பெரிய பங்குண்டு. கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரரான சார்லஸ் டோனவன் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்தார். 1903-ல் காலா அஸார் ஜுரத்தின் கிருமியைப் பூதக்கண்ணாடியில் கண்டவர்களில் ஒருவர் அவர். 1905-ல் அதே சென்னையில், இந்தப் புண்ணிலிருந்து எடுத்த திசுவைச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, செல்களுக்குள்ளே சிறு உருவங்கள் இருப்பதைக் கண்டார். அதனால் அவ்வியாதிக்கே டோனவனோஸிஸ் என்ற பெயர் வந்தது. பின்னாளில் சென்னையைச் சேர்ந்த டாக்டர்கள் ஆர். வி. ராஜமும் பி. என். ரங்கையாவும் அதைப் பற்றி எழுதிய நூலை உலக சுகாதார ஸ்தாபனம் 1954-ல் வெளியிட்டது. அந்த வியாதி இன்று அபூர்வமாகிவிட்டது. ஹெர்ப்பிஸோ உலகில் ஜனனேந்திரியப் புண்களுக்கு மிகச் சாதாரணமான காரணமாக நிற்கிறது.

டோனவன் செய்தது போன்ற பரீட்சையே ஹெர்ப்பிஸுக்கும் பழைய, மலிவான பரீட்சை. கொப்புளத்தின் கூரையை ஊசியால் நீக்கி, அடிப்பகுதியை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பல உட்கருக்கள் ஒன்றாய்த் திரண்ட ராட்சஸ செல்கள் தெரிந்தால், ஹெர்ப்பிஸ் குடும்பத்தின் வேலை என்று அர்த்தம். பாரிஸில் வாழ்ந்த டாக்டர் ஆர்னோ ட்ஸாங்க் பெயரால் இதை அழைக்கிறார்கள். அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதல் வகையா, இரண்டாம் வகையா, பழைய அக்கியின் கிருமியேதானா என்று இது சொல்லாது. மேலும், ராட்சஸ செல் தெரியவில்லை என்பதால் ஹெர்ப்பிஸ் இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

இன்று மிக நம்பகமானது பி.சி.ஆர். பரீட்சை. இப்பெயரை நேயர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோயின்போது நாட்டில் மூக்கைக் காட்டாதவர் யார்? இங்கே மூக்குக்குப் பதில் புண்ணின் அடிப்பகுதியைப் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் துடைத்து எடுக்கிறார்கள். அதில் கிருமியின் மரபுப் பொருள் ஒரு துளி இருந்தாலும், அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டிவிடும். எந்த வகை என்றும் சொல்லும். கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் புண் ஆற ஆற அதில் கிருமி அகப்படுவது அரிதாகிவிடும். எந்தப் பரீட்சையாயினும், கொப்புளம் கிளம்பிய முதல் இரண்டு நாளில் எடுத்த மாதிரிக்கு நிகர் இல்லை. பொருக்குத் தட்டிய பிறகு போனால், பரீட்சையில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். வியாதி இல்லாததனால் அல்ல, சாட்சி மறைந்துவிட்டதனால்.

இத்தனையும் பெரிய ஆய்வுக்கூடங்களின் சமாசாரம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.சி.ஆர். யந்திரத்துக்கு எங்கே போவது? அதற்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் (2007-2012) ஓர் எளிய ஏற்பாட்டை வகுத்தார்கள். நோயின் பெயரைக் காத்திருந்து கண்டுபிடிப்பதற்குப் பதில், கண்ணால் காணும் குறிகளைக் கொண்டே சிகிச்சை தொடங்குவது. மருந்துகளை வர்ணப் பெட்டிகளாக்கினார்கள். கொப்புளத்தோடு கூடிய ஹெர்ப்பிஸ் புண்ணுக்குச் சிவப்புப் பெட்டி. அதில் அஸைக்ளோவிர் மாத்திரை. கொப்புளமில்லாத புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி. அதில் கிரந்திக்கான பெனிஸிலின் ஊசி மருந்து முதலியவை. குறிகள் இரண்டும் கலந்திருந்தால் இரண்டுக்கும் சிகிச்சை. இதைச் சிலர் குருட்டு வைத்தியம் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. மறுபடி வருவாரோ மாட்டாரோ என்றிருக்கும் நோயாளியை, ஆய்வுக்கூடத்துத் தாள் வரும்வரை வெறுங்கையோடு அனுப்புவதுதான் பெரிய குருட்டுத்தனம். ஆனால் எந்தப் பெட்டி கொடுத்தாலும், புண் கண்ட ஒவ்வொருவருக்கும் கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தப் பரீட்சை செய்யவேண்டும் என்பது விதி. இரண்டாம் வகை ஹெர்ப்பிஸ் இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

ரத்தம் என்றதும், நாம் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஹெர்ப்பிஸுக்கும் ரத்தப் பரீட்சை உண்டு. அது கிருமியைத் தேடுவதல்ல. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. அதில் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்று இரண்டு உண்டு. ஐ.ஜி.எம். இருந்தால் வியாதி புதிது என்பது மற்றப் பல வியாதிகளில் ஓரளவு சரி. ஹெர்ப்பிஸில் அது சரியல்ல. பழைய வியாதி மறுபடி கிளம்பும்போதும் அது தோன்றும். வகை பிரித்தும் காட்டாது. ஹெர்ப்பிஸுக்கு ஐ.ஜி.எம். பரீட்சை செய்யவேண்டாம் என்பதே மேல்நாட்டு வழிகாட்டிகளின் முடிவு.

நம் நாட்டிலோ அது தாராளமாக நடக்கிறது. கர்ப்பம் ஒன்றிரண்டு தடவை கலைந்த பெண்ணுக்கு "டார்ச்" பரீட்சை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஹெர்ப்பிஸைக் குறிப்பது. ஆந்த்ரே நஹ்மியாஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1971-ல், தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றும் சில வியாதிகளை ஒரு தொகுதியாகக் கருத அந்தப் பெயரை வைத்தார்கள். கர்ப்பம் கலைந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க வைத்த பெயரல்ல அது. தாளில் "ஹெர்ப்பிஸ் ஐ.ஜி.எம். பாஸிடிவ்" என்று வருகிறது. அந்தத் தாளை வீட்டில் யாரோ படிக்கிறார்கள். பிறகு ஹெர்ப்பிஸ் என்றால் என்ன என்று விசாரிக்கிறார்கள். குழந்தையை இழந்து வந்திருக்கும் பெண்ணை, அவளுடைய நடத்தையைப் பற்றி விசாரணை செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு மதிப்பில்லாத பரீட்சையின் ஒரு வரி போதுமானதாயிருக்கிறது, ஒரு குடும்பத்தைக் கலைக்க.

ஐ.ஜி.ஜி. பரீட்சை இதைவிட நல்லது. வகை பிரித்துக் காட்டுவதாக இருந்தால் மட்டும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் தெரிய பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். முதல் வகை என்று வந்தால் அது உதட்டிலா, கீழேயா என்று தாள் சொல்லாது. குழந்தையாயிருந்தபோது பாட்டி கொடுத்த முத்தத்தின் ஞாபகமாகவே அது இருக்கலாம். இரண்டாம் வகையில், தாளில் காணும் அளவு 3-க்குக் கீழே சொற்பமாக இருந்தால், அது பொய்யாயிருப்பது அடிக்கடி நடப்பது. வேறொரு முறையால் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1000 பேர்; அவர்களில் 50 பேருக்குக் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும் பரீட்சையை அனைவருக்கும் செய்தால், கிருமியுள்ள 50 பேரில் சுமார் 47 பேரை அது பிடிக்கும். கிருமியில்லாத 950 பேரிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் சுமார் 47 பேரைப் பிடித்துவிடும். அதாவது "உண்டு" என்று தாள் வாங்கியவர்களில் பாதிப்பேர் நிரபராதிகள்! இந்தக் காரணத்தினாலேயே, குறி ஒன்றும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரீட்சையைச் செய்யவேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிபுணர் குழு 2016-லும் மறுபடி 2023-லும் தீர்மானித்தது. "முழு உடல் பரிசோதனை" என்று தள்ளுபடி விலையில் விற்கிறவர்களுக்கு இந்தச் செய்தி எட்டினால் நன்றாயிருக்கும்.

சரி, பரீட்சை உண்மையே என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் குடும்பம் நடத்திய தம்பதிகளில் ஒருவருக்கு இன்று முதன்முதலாகப் புண் வந்திருக்கிறது, பி.சி.ஆரும் இரண்டாம் வகை என்கிறது. "இது எப்போது வந்தது? யாரிடமிருந்து வந்தது?" டாக்டரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நேர்மையான டாக்டர், "தெரியாது" என்றுதான் சொல்லுவார். இன்று முதன்முதலாகத் தெரிந்த புண், பல வருஷத்துக்கு முன், கல்யாணத்துக்கே முன், தொற்றி உறங்கிக் கிடந்ததாயிருக்கலாம். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் கொஞ்சம் சொல்ல முடியும். புண்ணில் கிருமி இருந்து, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாமலிருந்து, மூன்று மாதம் கழித்து அது தோன்றினால், தொற்று புதிது. ஆனால் அப்போதுங்கூட, கொடுத்தவர் தமக்கே தெரியாமல் பத்து வருஷமாகச் சுமந்தவராயிருக்கலாம். புண் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து கிருமி வெளிப்படுவதுண்டு. ஆகவே இந்தத் தாளை வைத்துக்கொண்டு கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ குற்றக் கூண்டில் ஏற்றுவது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது.

மெய்யாகவே அஞ்சவேண்டிய சந்தர்ப்பம் வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாக ஹெர்ப்பிஸ் தொற்றினால், பிரசவத்தின்போது சிசுவுக்கு அது பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய வியாதியுள்ள தாயிடம் இந்த அபாயம் மிகக் குறைவு. அவளுடைய எதிர்ப்பொருள் சிசுவையும் காக்கிறது. பிரசவ வேளையில் புண் இருந்தால் டாக்டர்கள் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பார்கள். ஆதலால் கர்ப்பிணிகள், தங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது இப்படிப் புண் வந்ததுண்டா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்கு எதிரில் கேட்டால் சொல்லமாட்டாள் என்பதை டாக்டர்களும் ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

அஸைக்ளோவிர் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை. புண்ணைச் சீக்கிரம் ஆற்றும், அடிக்கடி வருவதைக் குறைக்கும். அடிக்கடி வருகிறவர்கள் டாக்டர் யோசனைப்படி தினமும் சாப்பிட்டு வருவதுமுண்டு.

தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று "சுகவாழ்வு மையம்" என்ற பிரிவுகள் இருக்கின்றன, எச்.ஐ.வி. ரத்தப் பரீட்சைக்கு "நம்பிக்கை மையம்" உண்டு. இரண்டிலும் பணம் கேட்கமாட்டார்கள். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் டெலிபோன் செய்து விசாரிக்கலாம். போகிறவர்கள் கொப்புளம் உடைவதற்கு முன்னாலேயே போகவேண்டும். மஞ்சளோ, சுண்ணாம்போ, கடையில் வாங்கிய களிம்போ தடவிக்கொண்டு போகவேண்டாம்; அதன்மேல் டாக்டர் எதைப் பார்ப்பார்? புண் தோன்றிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கடந்த இரண்டு வாரத்தில் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கூடவே எடுத்துப் போனால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.